துணி கொடுத்து வாங்கிய மணம்



வாசனை மரங்களின் சரித்திரத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று அறக்கட்டளையார் என்னைப் பணித்தபோது, சந்தனத்துக்குப் பேர்போன மைசூர்ச் சீமையிலிருந்தோ அகிலுக்குப் பேர்போன அஸ்ஸாமிலிருந்தோ அதைத் தொடங்காமல், அவ்விரு மரங்களுள் ஒன்றேனும் காடாக வளராத இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துக் கடற்கரைச் சமவெளியிலிருந்தே தொடங்குவது என்று துணிந்தேன். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாய்ந்து கடலையடையும் இந்நிலத்தில் நெல் விளைகிறது. மணற்பாங்கான கரையோரத்தில் சவுக்கு வளர்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து உலைகளிலே பழைய இரும்பு உருகிக் கட்டடக் கம்பியாக வெளிவருகிறது. ஆயினும் இவ்வட்டாரத்துத் திருத்தலங்களுள் மூன்றை எடுத்துக்கொண்டால், அம்மூன்றிலும் மூலமூர்த்தியின் திருமேனியோடு ஒன்றிய பொருளாக இருப்பது மரம் தந்த மணமே. தன் மண்ணில் விளையாத ஒரு பொருள் இத்தனை உரிமையோடு இங்கே குடியேறியது எவ்வாறு, அதற்கு இந்நாட்டார் கொடுத்த விலை யாது என்பதே யான் இன்று ஆராயப் புகும் விஷயம். அவ்விலை பெரும்பாலும் துணியாகவே கொடுக்கப்பட்டது, கொடுத்தவர்கள் நெசவாளர்கள். வாசனைத் திரவியங்களின் சரித்திரத்தை எழுதியோர் அரசரையும் வணிகரையும் மாலுமிகளையும் நினைத்த அளவுக்குத் தறியில் அமர்ந்தவனை நினைக்கவில்லை என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் திருத்தணிகைக்குச் செல்வோம். தெய்வயானையாரை மணம்செய்து கொடுத்தபோது இந்திரன் சீதனமாக ஐராவதத்தையும் ஒரு சந்தனக் கல்லையும் அளித்தான் என்பது அத்தலத்தின் ஐதிகம். தாரகாசுரன் விட்ட சக்கரத்தை மார்பிலே ஏற்றுக்கொண்ட முருகப்பெருமானுக்கு அக்கல்லில் இழைத்த சந்தனமே சாத்தப்படுகிறது. அச்சந்தனத்தை அடியார்கள் நெற்றியில் இட்டுக்கொள்வதில்லை. நீரிலே கரைத்து மருந்தென்று அருந்துகிறார்கள். மலைகளுக்கெல்லாம் தலைவனான குறிஞ்சிக் கடவுளுக்கும் சந்தனமானது மாமனார் வீட்டுச் சீராக, வெளியிலிருந்து வந்ததாகவே இக்கதை சொல்கிறது என்பது என் கவனத்தை மிகவும் கவர்ந்த செய்தி.

சந்தனம் இழைப்பதை அருகே அமர்ந்து பார்த்திராத இளைஞர் இச்சபையில் பலர் இருக்கக்கூடும் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். கருங்கல்லை முதலில் நன்றாகக் கழுவி, அது ஈரமாயிருக்கும்போதே சில துளி நீரைத் தெளித்து, கட்டையைச் சற்றே சாய்த்துப் பிடித்து, உள்ளங்கையின் முழுக் கனத்தையும் அதன்மேல் வைத்து வட்டமாக இழைக்க வேண்டும். தொடக்கத்தில் நீர் கொஞ்சம் நிறம் மாறுவதன்றி வேறொன்றும் நிகழ்வதில்லை. புதிதாகப் பழகுகிறவன் அவசரப்பட்டு நீரை அதிகமாக வார்த்துவிடுவது அவ்வேளையில்தான். பொறுமையோடு இழைத்துக்கொண்டே இருந்தால் கல்லின் விளிம்பிலே வெண்ணெய் போன்று ஒரு விழுது திரளும். அதைக் கைவிளிம்பால் வழித்து வட்டிலில் சேர்த்துவிட்டு மறுபடி சில துளி தெளிக்க வேண்டும். நெல்லிக்காயளவு சந்தனம் திரள்வதற்குள் தோள் வலித்துவிடும். பின்னர்ப் பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்ப்பது அவரவர் சம்பிரதாயம். கட்டையோ, இழைத்த முகம் வழவழப்பாகி, ஆண்டுக்கணக்காகத் தேய்ந்து, கைக்குள் அடங்கும் துண்டாகச் சிறுத்துப்போகும் வரையில் மணம் குன்றாமல் இருக்கும்.

திருவள்ளூரில், சாலிஹோத்திர முனிவருக்குக் காட்சி கொடுத்துப் பள்ளிகொண்ட வீரராகவப் பெருமாளின் மூலத் திருமேனிக்கு மற்ற அபிஷேகங்கள் இல்லை. சந்தனத் தைலம் ஒன்றுதான் சாத்தப்படுகிறது. அமாவாசைதோறும் வந்து ஹிருத்தாபநாசினித் தீர்த்தத்தில் வெல்லம் கரைக்கும் பல்லாயிரம் பேர், நோய் தீர வேண்டி நிற்பது அத்தைலம் பூண்ட திருமேனியின் முன்னேதான். மூன்றாவது தலம் திருவொற்றியூர். சில ஆண்டுகளுக்கு முன்வரை நம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின்னர்ச் சென்னையோடு இணைக்கப்பட்டது. அங்கே புற்று வடிவான ஆதிபுரீசர் ஆண்டு முழுவதும் கவசத்துக்குள்ளேயே இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாட்கள் மட்டும் அக்கவசம் களையப்பட்டு, புனுகும் சாம்பிராணியும் சேர்ந்த தைலம் சாத்தப்படுகிறது. அந்த மூன்று நாட்களில் தரிசிக்க நிற்போரின் வரிசை வீதியைக் கடந்து நீளும். இங்கே சொல்லப்பட்ட சாம்பிராணியில் உயர்ந்த வகை சுமத்ராத் தீவின் மலைகளில் மரப்பட்டையைக் கீறி எடுக்கப்படும் பிசின் என்பதையும், சுமத்ராவுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே வங்கக் கடல் முழுவதும் கிடக்கிறது என்பதையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பழந்தமிழ் நூல்களில் சந்தனமும் அகிலும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பண்டங்களை அடுக்கும்போது இவ்விரண்டையும் மேற்கு மலையிற் பிறந்தவையாகச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடுவதற்கு ஊறவைக்கப்பட்ட பொருள்களைப் பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை என்று ஆசிரியர் வகுத்துரைக்கிறார். அவ்வைந்து விரைகளுள் அகிலும் ஆரமும் இடம்பெறுகின்றன. நீராடிய கூந்தலை அகிற்புகையிலே உலர்த்தும் வழக்கத்தைச் சங்க நூல்கள் பலமுறை பேசுகின்றன. பிள்ளை பெற்ற வீட்டிலே இன்றும், குழந்தைக்குத் தலைக்கு நீர் வார்த்தபின் பாட்டிமார் தூபக்காலில் கனலைப் போட்டு, சாம்பிராணியைத் தூவி, அதன்மேல் மூங்கிற் கூடையைக் கவிழ்த்து, மேலெழும் புகையிலே குழந்தையின் தலையை மெல்லக் காட்டுகிறார்களே, அது அவ்வழக்கத்தின் எச்சமே. மாதவியின் மாளிகையில் நடந்தது இன்று கும்மிடிப்பூண்டித் தொழிலாளர் குடியிருப்பிலும் நடந்துகொண்டிருக்கிறது. அகிலின் விலைக்கு எட்டாதவர்கள் சாம்பிராணியை வைத்துக்கொண்டார்கள்; செயல் அப்படியே நிலைத்துவிட்டது.

அகிலைப் பற்றி ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். அகில் மரம் நலமாயிருக்கும் வரையில் அதன் கட்டை வெண்மையாகவும் இலேசாகவும் இருப்பதன்றி, அதற்கு வாசனையென்று ஏதும் இல்லை. புழு துளைத்தோ கிளை முறிந்தோ காயம் பட்டு, அக்காயத்தின் வழியே ஒருவகைப் பூஞ்சை உட்புகுந்த பின்னர், மரம் தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு அவ்விடத்தைச் சுற்றிக் கரிய பிசினைச் சுரக்கிறது. அப்பிசின் ஏறிய பகுதியே அகிற்கட்டை. பிசின் நிறைந்த கட்டை நீரில் இட்டால் மூழ்கும். மூழ்குவதே உயர்ந்ததென்று சீனரும் ஜப்பானியரும் அதைத் தரம் பிரித்தார்கள். ஒரு காட்டில் பல மரங்களை வெட்டினாலும் சிலவற்றிலேதான் அகில் இருக்கும் என்பதனால், அது எப்போதும் அரிய பொருளாகவே இருந்து வந்தது. வீணாக வெட்டப்பட்ட மரங்களின் தொகையும் அதனாலேயே பெருகிற்று. 1995ஆம் ஆண்டு முதல் அஸ்ஸாமிலும் மலேயாவிலும் வளரும் அகில் இனம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. இன்று தோட்டங்களிலே மரத்தைத் துளையிட்டுப் பூஞ்சையைத் தாங்களே செலுத்தி, காயத்தைப் பயிர் செய்கிறார்கள்.

உ.வே. சாமிநாதையரவர்கள் 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சேற்றியிராவிட்டால், அகிலின் வகைகளைத் தமிழ் வணிகர் எவ்வாறு பிரித்தறிந்தனர் என்பதை நாம் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்க மாட்டோம். அருமணவன், தக்கோலி, கிடாரவன், காரகில் என்று உரையாசிரியர் அடுக்குகிறார். அருமணம் தென் பர்மாக் கரை. தக்கோலமும் கிடாரமும் மலேயத் தீபகற்பத்துத் துறைகள். இன்ன சரக்கு இன்ன துறையில் ஏற்றியது என்று கடையில் கேட்டு வாங்கும் அளவுக்கு நம்மவர் மூக்கு பழகியிருந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில், சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகப் பெருங்குழுவினர் பொறித்தது அது. துறைக்கு வரும் கப்பலார் கஸ்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாக வரி செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. நீலகண்ட சாஸ்திரியாரவர்கள் 1932இல் அதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பாரூஸ் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் உலகப் புகழ்பெற்ற துறை. நாணயத்துக்குப் பதிலாக வாசனைப் பொருளின் விலையே வரிக்கு அளவுகோலாக நின்ற ஒரு துறையிலே தமிழ் வழங்கியது என்பதைப் படிக்கும்போது எவருக்கும் உள்ளம் விம்மாமல் இராது.

இவ்வாறு தொலைவிலிருந்து வரும் பொருளைத் தடுப்பதும் எளிது. பெரியபுராணத்து மூர்த்தி நாயனார் வரலாற்றை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பார்க்கும்படி இளம் ஆராய்ச்சியாளர்களை வேண்டிக்கொள்கிறேன். மதுரையில் நாள்தோறும் இறைவனுக்குச் சந்தனக்காப்பு அளித்துவந்த வணிகர் அவர். கருநாட்டிலிருந்து வந்து மதுரையைக் கைப்பற்றிய அரசன், அவரைத் துன்புறுத்த எண்ணியபோது, சிறையிலடைக்கவில்லை. அவருக்குச் சந்தனக்கட்டை கிட்டாதபடி செய்தான். கட்டை கிட்டாத நாளில் நாயனார் தம் முழங்கையையே கல்லில் வைத்துத் தேய்த்தார் என்பது புராணம். பக்தியின் எல்லையைக் காட்டும் கதையாக இதை நாம் போற்றுகிறோம், போற்றுவது முறையே. அதனோடு, சந்தனம் வரும் வழியை ஓர் அரசன் அடைத்துவிட முடியும் என்பதும், அடைத்தால் ஒரு மாநகர் முழுவதும் ஒரு துண்டு கட்டை தேடினாலும் அகப்படாது என்பதும் அக்காலத்தார் நன்கறிந்த உண்மை என்பது இக்கதையினால் விளங்குகிறது. திருக்கடவூர்க் குங்கிலியக்கலயர், மனைவி நெல் வாங்கக் கொடுத்த தாலியை, எதிரே குங்கிலியப் பொதியோடு வந்த வணிகனிடம் கொடுத்துவிட்டார் என்ற வரலாற்றிலும், தூபத்துக்குரிய பிசின் பொதியாகக் கட்டப்பட்டுத் தெருவழியே விலைக்கு வந்த பண்டமாகவே தோன்றுகிறது.

இனி, நம் மாவட்டத்துத் துறையாகிய பழவேற்காட்டுக்கு வருகிறேன். இன்று மீனும் இறாலும் பிடித்து வாழும் அந்த ஏரிக்கரை ஊர், விஜயநகர அரசர் காலத்தில் சோழமண்டலக் கரையின் முதன்மைத் துறைகளுள் ஒன்று. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் தங்கி எழுதிய தொமே பிரேஸ் என்னும் போர்ச்சுகீசியர், இக்கரையிலிருந்து மலாக்காவுக்கு வரும் கப்பல்கள் துணியைக் கொண்டுவருவதையும், திரும்பும்போது எவற்றை ஏற்றிச் செல்கின்றன என்பதையும் விவரமாகக் குறித்திருக்கிறார். திரும்பும் சரக்குகளில் அவர் முதலிடம் கொடுப்பது வெண்சந்தனத்துக்கு. செஞ்சந்தனம் இக்கரைப் பக்கத்திலேயே விளைகிறது என்பதையும் அவர் அறிந்திருந்தார். அந்த வெண்சந்தனம் கிழக்கே வெகுதொலைவிலுள்ள தீமோர்த் தீவில் வளர்ந்தது.

மேற்கே மைசூர் மலைகளிலும் அதே சந்தனம் வளரும்போது, தீமோரிலிருந்து வருவிப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். மலைநாட்டிலிருந்து பொதிமாட்டின்மேல் ஏற்றி, ஆயத்துறை தோறும் சுங்கம் கட்டி, கடற்கரைக்குக் கொண்டுவரும் செலவு பெரிது; துணியை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பலுக்கோ கனமான சரக்கு வேண்டும். ஆதலால் தீமோர்க் கட்டை இங்கே விலைபோயிற்று. சந்தன மரமே அக்கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து பழங்காலத்தில் இந்தியாவுக்கு வந்ததுதான் என்று கருதும் தாவர நூலாரும் இருக்கிறார்கள்.

இத்தீவுகளில் சந்தனமும் கிராம்பும் சாதிக்காயும் விளைவித்தவர்கள், பொன்னைக் காட்டிலும் சோழமண்டலத் துணியையே விரும்பிக் கேட்டார்கள். சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் ஏறிய, மெழுகால் எழுதிச் சாயமேற்றிய துணிகள் அங்கே கல்யாணச் சீராகவும் பிணத்தின்மேல் போர்த்தும் போர்வையாகவும், தலைமுறை தலைமுறையாகப் பெட்டியிற் காக்கும் குலதனமாகவும் மதிக்கப்பட்டன. ஒல்லாந்தர் கிழக்கே போய்ச் சேர்ந்தபோது இவ்வுண்மையை விரைவிலே கண்டுகொண்டார்கள்: சோழமண்டலத் துணி கையில் இல்லாதவனுக்கு அத்தீவுகளிலே வாசனைப் பொருள் எளிதில் கிட்டாது. ஆகவே 1610இல் பழவேற்காட்டிலே இடம்பெற்று, 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினார்கள். அதே 1613ஆம் ஆண்டில், தீமோரின் சந்தன வணிகத்துக்கு வாயிலாக இருந்த சோலோர்த் தீவின் போர்ச்சுகீசியக் கோட்டையையும் அவர்கள் கைப்பற்றினார்கள். துணி ஏறும் துறையிலே ஒரு கோட்டை. சந்தனம் ஏறும் துறையிலே ஒரு கோட்டை. இவ்விரண்டையும் ஓராண்டுக்குள் ஒருவர் கையில் கொண்டுவந்த திட்டத்தை உணர்ந்த பின்னர், பழவேற்காட்டின் சரித்திரத்தை ஒரு மாவட்டத்தின் சரித்திரமாக மட்டும் படிக்க என்னால் இயலவில்லை. தீமோர்ச் சந்தனத்தின் பெரும்பகுதி சீனத்துக்குச் சென்றது. ஒரு பகுதி, சாம்பிராணி, கற்பூரம், தகரம், செம்பு ஆகியவற்றோடு இக்கரைக்கு வந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரையில், சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் பழவேற்காடாகவே இருந்தது.

துணி எப்படி வந்தது? ஒல்லாந்தரின் வணிகக் கும்பினியார் மாதிரித் துணியை வணிகரிடம் கொடுப்பார்கள். வணிகர் முன்பணத்தை ஊர்களிலுள்ள நெசவாளரிடமும் சாயக்காரரிடமும் கொடுப்பார்கள். முன்பணம் வாங்கியவன் அத்துணியை வேறொருவருக்கு விற்க முடியாது. பருவக்காற்று திரும்புவதற்குள் கப்பல் புறப்பட வேண்டுமாகையால், குறித்த நாளிலே துணி வந்தாக வேண்டும். நூலுக்கும் அரிசிக்கும் விலை ஏறிய ஆண்டுகளில் அந்த முன்பணமே கடனாக மாறிவிடும். தான் ஒருநாளும் காணப்போகாத ஒரு தீவின் பெண் விரும்பும் கரையை, தன் தறியிலே கணக்குப் பிசகாமல் நெய்த அந்த மனிதனுக்குச் சந்தனம் எவ்வளவு கிடைத்தது? வீட்டிலே கல்யாணம் வந்தால் ஒரு வட்டில். கோயிலில் திருவிழா வந்தால் நெற்றியளவு.

துணியோடு மனிதர்களும் அந்தத் துறையிலே ஏற்றப்பட்டார்கள் என்பதைச் சொல்லாமல் இப்பகுதியை முடிப்பது தருமமாகாது. 1621இல் பாந்தாத் தீவுகளின் குடிகளை ஒல்லாந்தர் அழித்துவிட்டு, சாதிக்காய்த் தோட்டங்களுக்கு வேறு கைகளைத் தேடினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இக்கரையைப் பஞ்சமும் போரும் வாட்டியபோதெல்லாம், அரிசிக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில் பழவேற்காட்டிலிருந்து ஒல்லாந்தரின் கீழைத் தலைநகரான பத்தேவியாவுக்கும் அப்பாலும் அனுப்பப்பட்டார்கள். அந்த ஊரிலே ஒல்லாந்தர் கல்லறைகளைத் தொல்பொருள் துறையினர் காத்துவருகிறார்கள். சிற்ப வேலைப்பாடு நிறைந்த அக்கற்களைக் கண்டு வருகிறவர்கள், கல்லே இல்லாமல் போனவர்களையும் ஒரு கணம் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

உள்நாட்டுச் சந்தனத்தின் பிற்காலச் சரித்திரம் பலரும் அறிந்ததே, விரைந்து சொல்லிவிடுகிறேன். 1792இல் திப்பு சுல்தான் அதை அரசுரிமை மரமாக ஆக்கினார். பின்வந்த அரசுகளும் அதை விடவில்லை. முதல் உலகப்போரில் ஜெர்மனிக்குக் கட்டை அனுப்பும் வழி அடைபட்டபோது, 1916இல் மைசூர் மகாராஜாவும் திவான் விசுவேசுவரய்யாவும் தங்கள் நாட்டிலேயே தைலம் வடிக்கத் தொடங்கினார்கள். வேரில்தான் தைலம் மிகுதி என்பதால் சந்தன மரத்தை வெட்டுவதில்லை, வேரோடு அகழ்கிறார்கள். அகழ்ந்த இடத்தில் மறுபடி துளிர்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. மற்றொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும்: சந்தனத் தைலம் மெல்ல மெல்லவே ஆவியாகிறது. அதனாலேயே கன்னோசி நகரத்து அத்தர் வடிப்போர், ரோஜாவையும் தாழம்பூவையும் வடிக்கும்போது அவற்றின் ஆவியைச் சந்தனத் தைலத்துக்குள் செலுத்தினார்கள். ஓடிப்போகும் பூவின் மணத்தைப் பிடித்துவைக்கும் பொறுமை அதற்கு உண்டு.

இன்று நாம் ஏற்றும் ஊதுவத்தியில் அந்தச் சந்தனம் உண்டா? பெரும்பாலும் இல்லை. பைன் மரத்துக் கர்ப்பூரத் தைலத்திலிருந்து பிரித்த ஒரு பொருளைக் கொண்டு, சந்தன மணம் வீசும் சேர்மங்களைத் தொழிற்சாலைகளில் செய்கிறார்கள். கோயிலில் ஏற்றும் கற்பூரமும் அதே தைலத்திலிருந்து செய்யப்படுவதே. தூபக்காலின் இடத்தில் கம்ப்யூட்டர் சாம்பிராணி வந்துவிட்டது. இதற்காக எவரையும் நான் கடிந்துகொள்ளவில்லை. எல்லா வீட்டு மாடத்திலும் மெய்யான சந்தனமே எரிய வேண்டுமென்றால் உலகத்தில் ஒரு சந்தன மரம் எஞ்சாது. ஆனால் தைலக்காப்புக்கென்று அறம் வைத்தவர் மனத்தில் எது இருந்ததோ அது திருமேனிக்குச் சேர்கிறதா என்று பார்க்கும் கடமை அதனை நிர்வகிப்போருக்கு உண்டு; வாங்கும் தைலத்தைச் சோதனைச் சாலையில் பரிசோதித்துக் கொள்வது இன்று எளிய காரியம்.

ஊதுவத்தியில் மணம் மாறிய போதிலும் கை மாறவில்லை. கரித்தூள், மரத்தூள், ஜிகட் என்னும் பசைப்பட்டைத் தூள் ஆகியவற்றை நீர் விட்டுப் பிசைந்து, பலகைமேல் மூங்கிற்குச்சியை வைத்து, ஒரு சிட்டிகை மாவை அதன் தலையிலிருந்து உள்ளங்கையால் ஒரே இழுப்பாக உருட்டிக் கொண்டுவர வேண்டும். குச்சியின் அடியில் இரண்டு விரற்கடை வெறுமையாக விட்டு மாவு நிற்க வேண்டும். ஓரிடத்தில் தடித்தால் அங்கே கனல் அணைந்துவிடும். இதை நாள் முழுவதும் உருட்டுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள். கூலி ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கு. அவர்கள் உருட்டுவது மணமில்லாத கறுப்புக் குச்சியே. வாசனைத் தைலத்தில் தோய்ப்பது வேறிடத்தில் நடக்கிறது. இயந்திரம் வந்த ஊர்களில் அவ்வேலையும் அவர்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. முன்பணம் வாங்கிய நெசவாளனுக்கும் ஆயிரத்துக் கணக்கில் கூலி வாங்கும் இப்பெண்மணிக்கும் இடையே நானூறு ஆண்டுகள் சென்றிருக்கின்றன. கணக்கு எழுதும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

தொமே பிரேஸ் குறித்த செஞ்சந்தனம், அதாவது செம்மரம், நம் மாவட்ட எல்லையை ஒட்டிய ஆந்திர மலைகளில் பெரும்பாலும் இயல்பாக வளர்வது. அதற்கு மணம் இல்லை. நிறத்துக்காகவும் கட்டையின் உறுதிக்காகவும் சீனமும் ஜப்பானும் அதை விரும்புகின்றன. ஊத்துக்கோட்டைச் சாலையிலும் கும்மிடிப்பூண்டிச் சாலையிலும் துறைமுகக் கொள்கலன்களிலும் அது பிடிபட்ட செய்தியை நீங்கள் நாளிதழ்களில் அடிக்கடி படித்திருப்பீர்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசல வனத்தில் ஆந்திரக் காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் மாண்டார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள் அவர்களுள் பலர். மரத்தின் விலை கடல் கடந்து ஏற ஏற, கோடரி பிடித்தவனின் உயிர்விலை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. மரம் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு இருகருத்து இல்லை. அந்த மலைக்கிராமத்தானுக்கு வேறு பிழைப்பு காட்டாமல் மரத்தைக் காத்துவிட முடியும் என்பதை என்னால் நம்ப இயலாது.

வழி ஒன்றும் இல்லாமற் போகவில்லை. தனியார் தம் நிலத்தில் வளர்த்த சந்தனத்துக்குத் தாமே உரிமையாளராகும்படி கர்நாடகம் 2001லும் தமிழ்நாடு 2002லும் சட்டத்தைத் திருத்தின. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. அண்டை மரத்தின் வேரைப் பற்றியே அது வளரும். நாற்றுப் பருவத்தில் துவரையையும், வளர்ந்தபின் சவுக்கையும் துணைகொண்டு அது நன்கு வருகிறது என்று வனத்துறை அறிஞர் கூறுகிறார்கள். சவுக்குப் பயிரில் தலைமுறைப் பழக்கமுள்ள பொன்னேரி, மீஞ்சூர் உழவர்கள் தண்ணீர் தேங்காத மேட்டு நிலம் பார்த்து இதை முயன்று பார்க்கலாம். வயிரம் ஏறப் பதினைந்து ஆண்டுகளாவது பொறுக்க வேண்டும், காவலும் வேண்டும். நிலமுள்ள திருக்கோயில்கள் தமக்கு வேண்டிய கட்டையைத் தாமே வளர்ப்பதற்கு அவ்வளவு காலம் பெரிதல்ல.

இறுதியாக இந்த அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1657 முதல் 1825இல் பழவேற்காடு ஆங்கிலேயரிடம் கைமாறும் வரையிலான ஒல்லாந்தர் ஏடுகள் இருக்கின்றன. ஒல்லாந்த மொழியைக் கற்று, அவ்வேடுகளில் துணிக்கணக்கையும் சந்தனம், சாம்பிராணி, கற்பூரக் கணக்கையும் அருகருகே வைத்துப் படிக்கக்கூடிய தமிழ் மாணவர் ஒருவர் நமக்கு வேண்டும். அவர் நெசவூர்களின் பெயர்களை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய இம்மாவட்டத்துப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் தறி ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளிலிருந்தே அப்படி ஒரு மாணவரையோ மாணவியையோ தேர்ந்தெடுத்து, அம்மொழி பயில்வதற்கும் ஏடு படிப்பதற்கும் ஆகும் உபகாரச் சம்பளத்தை இவ்வறக்கட்டளையின் வருவாயிலிருந்து அடுத்த ஆண்டு முதல் அளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று எனக்கென்று குறித்த சன்மானத் தொகையை அந்நிதிக்கு முதற் காணிக்கையாக வைத்துக்கொள்ளும்படி அவைத் தலைவரவர்களிடம் ஒப்படைக்கிறேன்.